தேதி போடாத 14 படிவங்கள்

ஒரு பல்கலைக்கழக சுகாதார மையத்தில் நிகழ்ச்சி மற்றும் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக ஒன்றரை வருடமாக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், துறை எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டதால் எடுத்துவிட்டேன், எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. மாணவர்களுக்குத் தூக்கம், மன அழுத்தம் பற்றி ஆறு வாரப் பயிற்சி நடத்துவதும் கவுன்சலிங்குக்கு நேரம் ஒதுக்கித் தருவதும் இவருடைய பாதி வேலை. அந்தப் பயிற்சியால் பலன் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கு அதே மாணவர்களைச் சேர்ப்பது, ஒப்புதல் படிவம் வாங்குவது, கேள்வித்தாள் கொடுப்பது, அதைக் கணினியில் ஏற்றுவது மீதிப் பாதி. இதுவரை 62 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் 14 பேரின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. அடுத்த மாதம் ஆடிட். முதன்மை ஆய்வாளரான பேராசிரியர், "எல்லாரும் அந்த ரெண்டு வாரத்துல சேர்ந்தவங்கதானே, நீங்களே போட்டுடுங்க" என்கிறார். இவருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அந்த 14 படிவங்களையும் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். போன வருடம் வந்த ஆய்வுக் கட்டுரையில் இவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, கடைசியில் நன்றி என்று ஒரு வரி மட்டும். "நான் நர்ஸும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை, சார் சொன்னதைச் செய்கிற ஆள், அதனால் பொறுப்பு அவருடையதுதானே, பேசாமல் வேலையை விட்டுவிடலாமா" என்று முடித்திருக்கிறார். பின்குறிப்பாக ஒரு வரி: கேள்வித்தாள்களை மேஜை டிராயரில் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுவதால் வேலை குவிந்துவிடுகிறது, அதற்கு ஏதாவது யோசனை உண்டா?

உங்களுக்கு எழுதுகிறேன். நான் மருத்துவர், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் ஆய்வு நெறிமுறைக் குழுவில் பல வருடம் உட்கார்ந்து இந்த மாதிரி ஃபைல்களைப் படித்தவன். வக்கீல் இல்லை. அதனால் வேலை ஒப்பந்தம், சட்டப் பாதுகாப்பு பற்றி நான் சொல்வதை ஒரு எல்லையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேதிதான் பெரிய கவலை. எனக்கு அந்தப் பின்குறிப்பைப் படித்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிராயரில் இருக்கும் ஒன்பதாவது கேள்வி

நீங்கள் கொடுக்கும் கேள்வித்தாள் பிஹெச்கியூ-9 என்று எழுதியிருக்கிறீர்கள். 2001-ல் வெளியாகி உலகம் முழுக்கப் பயன்படுகிற, மனச்சோர்வை அளக்கும் தாள் அது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. முதல் எட்டும் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை என்று போகும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது.

அதில் 1, 2, 3 என்று வட்டமிட்ட ஒரு மாணவரின் தாள் உங்கள் டிராயரில் மூன்று வாரம் யாரும் படிக்காமல் கிடக்கலாம். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. ஆய்வைத் திட்டமிட்டபோதே "ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு பதில் வந்தால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்வது" என்று எழுதியிருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கோட்டைவிட்டிருப்பதாகத் தெரிகிறது. ஆனால் இன்றைக்கு டிராயர் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

இந்தப் பதிலைப் படித்தவுடன் செய்ய வேண்டியது: டிராயரில் உள்ள எல்லாத் தாள்களையும் எடுத்து ஒன்பதாவது வரியை மட்டும் பாருங்கள். பூஜ்யம் இல்லாத தாள் ஒன்று இருந்தாலும் அதே நாளில் மையத்தின் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கையில் கொடுத்துவிடுங்கள். மாணவரைக் கூப்பிட்டு விசாரித்து ஆபத்து எவ்வளவு என்று எடை போடுவது உங்கள் வேலை இல்லை, அதற்குப் பயிற்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். தாள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதுதான் உங்கள் பங்கு. பூஜ்யம் இல்லாத பதில் எல்லாமே அவசர நிலை என்றும் அர்த்தம் இல்லை, மங்கலாக வந்துபோகும் எண்ணத்துக்கும் 1 போடுவார்கள். ஆனால் எது மங்கல், எது இல்லை என்பதை ஒருவர் நேரில் பேசித்தான் சொல்ல முடியும்.

தாளில் பெயர் இல்லை, குறியீட்டு எண்தான், ரகசியம் காப்போம் என்று படிவத்தில் சொல்லியிருக்கிறோமே என்று நீங்கள் தயங்கலாம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் பேராசிரியரிடம் பூட்டியிருக்கும். நெறிமுறைக் குழுத் தலைவருக்கு ஃபோன் செய்யுங்கள், கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். பங்கேற்பாளருக்கு உடனடி ஆபத்து இருந்தால் திட்டத்தில் எழுதியதை மீறி முதலில் அவரைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் குழுவுக்குத் தெரிவிக்கலாம் என்பதை நல்ல ஆய்வு நடைமுறை (ஜிசிபி) என்ற சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. ஒரு பூட்டைத் திறக்கலாமா என்று இந்த விஷயத்தில் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இனிமேல் என்ன? ஒன்று, மாணவர் தாளைக் கொடுத்ததும் அவர் அறையைவிட்டுப் போவதற்குள் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடும் வழக்கம். இரண்டு, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால் ஒன்பதாவது கேள்வியே இல்லாத பிஹெச்கியூ-8 என்று ஒன்று இருக்கிறது. பதில் வந்தவுடன் கவனிக்க ஆள் இல்லாத ஆய்வுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடுவில் மாற்றுவதற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பேராசிரியரும் முதலில் முனகுவார். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் உங்கள் மையத்திலேயே ஆலோசகர் இருக்கிறார், கேட்டுவிட்டு உதவவும் முடிகிற இடம் அது. கேள்வி கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலைப் படிக்காமல் வைப்பதுதான் தப்பு.

வேலை குவிகிறது என்று கேட்டீர்களே, அன்றன்று வந்ததை அன்றன்றே ஏற்றினால் இதுவும் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

தேதியைப் போட்டால் என்ன ஆகும்

சரி, தேதிக்கு வருவோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே தேதியையும் தன் கையால் எழுத வேண்டும் என்பது நல்ல ஆய்வு நடைமுறையின் விதி. மருந்துச் சோதனை போன்ற சிகிச்சை ஆய்வுகளுக்காக எழுதப்பட்ட விதிதான் அது. உங்களுடையது பயிற்சி வகுப்பு ஆய்வாக இருந்தாலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதே பழக்கத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒப்புதல் கொடுத்தது முதலா, கேள்வித்தாள் நிரப்பியது முதலா என்பதைச் சொல்லும் சாட்சி அந்தத் தேதிதான்.

14 தேதி விட்டுப்போனது ஒரு கவனக்குறைவு. இதை மறைக்காமல் சொன்னால் அதற்குப் பெயர் 'திட்ட விலகல்', அதாவது ஒப்புக்கொண்ட ஆய்வுத் திட்டத்திலிருந்து வழுவியது. ஒரு குறிப்பு எழுதி, குழுவுக்குத் தெரிவித்து, இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று சொன்னால் கதை அநேகமாக அங்கேயே முடியும், குழுவில் இருந்தபோது நாங்கள் இந்த மாதிரி விலகல்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்ப்போம். அதே 14 தேதியை நீங்கள் போட்டால் அது பொய் ஆவணம். ஒரு பேனா எடுத்து நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் கவனக்குறைவு மோசடியாக மாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். எங்கள் குழுவுக்கு ஒருமுறை வந்த ஃபைலில் எல்லாப் படிவத்திலும் அழகாகத் தேதி இருந்தது, எல்லாம் ஒரே மையில், ஒரே மாதிரி 7. அதில் இரண்டு தேதி ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு அந்த இடமே பூட்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் சின்ன வயசுப் பையன், "சார்தான் சொன்னார்" என்றான். சாரோ, தான் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை என்றார்.

பொறுப்பு அவருடையதுதானே என்று கேட்டீர்கள். மொத்த ஆய்வுக்கும் முதன்மை ஆய்வாளர்தான் பொறுப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பொறுப்பு என்பதால் உங்கள் பொறுப்பு கரைந்துவிடாது, பேனா உங்கள் கையில் இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள்: ஆய்வு ஃபைலில் யார் யாருக்கு எந்த வேலை ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் இருக்கும். 'ஒப்புதல் வாங்குவது' என்ற வரிக்கு நேரே உங்கள் பெயர் இருக்கிறதா, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? அநேகமாகப் போட்டிருப்பீர்கள், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம். ஒருவேளை உங்கள் பெயர் அங்கே இல்லை என்றால் அது தனிப் பிரச்சினை, அதையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேராசிரியரோடு சண்டைக்குப் போக மாட்டேன். மெயில் ஒன்று அனுப்புவேன், கிட்டத்தட்ட இப்படி:

"சார், தேதி விடுபட்ட 14 படிவங்கள் பற்றி இன்று பேசினோம். தேதியைப் பிறகு நாமே எழுதினால் ஆடிட்டில் பெரிய கேள்வியாகும் என்று நினைக்கிறேன். அதற்குப் பதிலாக, எப்போது கவனித்தோம், எத்தனை படிவம், அவர்கள் சேர்ந்த வாரத்துக்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று இன்றைய தேதியிட்டு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், இணைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துக் கையெழுத்திட்டால் நெறிமுறைக் குழுவுக்கு விலகல் அறிக்கையாக அனுப்பிவிடலாம்."

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, "நீங்கள் போடச் சொன்னீர்கள்" என்ற வார்த்தைகூட இல்லை. அவர் கௌரவமாகப் பின்வாங்க ஒரு கதவு திறந்திருக்கிறது, நீங்கள் மறுத்ததற்குத் தேதியோடு ஒரு பதிவும் இருக்கிறது. வேறு ஆதாரம் என்று எழுதினேனே, நீங்கள் நேரம் ஒதுக்கிய பதிவேடு, சேர்க்கைக்குப் போன மெயில், கேள்வித்தாளில் உள்ள தேதி இவையெல்லாம்தான். அந்த 14 பேரில் இன்னும் தொடர்பில் இருப்பவர்களிடம், "இந்தக் கையெழுத்து என்னுடையது, ஆய்வில் சேரும்போது போட்டது" என்று ஒரு வரி எழுதி இன்றைய தேதி போட்டுத் தரச் சொல்லலாம், குழு சரி என்றால். பழைய தேதியைப் போடச் சொல்லக் கூடாது, அது உங்கள் பேனாவுக்குப் பதில் அவர்கள் பேனா, அவ்வளவுதான்.

மெயிலுக்குப் பிறகும் அவர் வற்புறுத்தினால்? அப்போது நெறிமுறைக் குழுவின் செயலாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். இதைப் போட்டுக்கொடுப்பது என்று நினைக்கிறீர்கள், கடிதத்தில் இரண்டு இடத்தில் அந்த வார்த்தை வருகிறது. விலகலைத் தெரிவிப்பது ஆய்வின் அன்றாட வேலை. பல பல்கலைக்கழகங்களில் ஆய்வு நேர்மைக்கென்று தனி அதிகாரியும் இருப்பார், பெயரைச் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். பழிவாங்கும் நடவடிக்கை ஏதாவது வந்தால் அதற்கு என்ன பாதுகாப்பு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் உங்கள் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், மிரட்டல் வருவதற்கு முன்பே.

அப்புறம் அந்த ஃபோன் படங்கள். உங்கள் பயம் புரிகிறது, ஆனால் இதில் நீங்கள் தவறிவிட்டீர்கள். 14 மாணவர்களின் பெயரும் கையெழுத்தும், மனநலம் சம்பந்தமான ஓர் ஆய்வில் அவர்கள் இருக்கிறார்கள் என்ற தகவலும் இப்போது உங்கள் சொந்த ஃபோனில், அநேகமாகத் தானாகவே ஏதோ ஒரு கிளவுடில். நாளைக்குப் பிரச்சினை வந்தால் பேச்சு தேதியிலிருந்து இந்தப் படங்களுக்குத் திரும்பிவிடும். உடனே கிளவுட் பேக்கப்பை நிறுத்துங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், சத்தமில்லாமல் அழிக்கவும் வேண்டாம். குழுவிடம் பேசும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் சொல்கிறபடி அழியுங்கள். உங்களுக்குப் பாதுகாப்பாக அந்த மெயிலும், மாணவர் பெயர் எதுவும் இல்லாமல் நீங்கள் எழுதும் நாட்குறிப்பும் போதும்.

அப்பாயின்ட்மென்ட் தருபவரே படிவத்தையும் நீட்டினால்

போகிற போக்கில் நீங்கள் சொன்ன ஒரு விஷயம்: கவுன்சலிங்குக்கு வந்த ஒரு மாணவி, "இதுல சேரலைன்னா என் முறை தள்ளிப்போகுமா" என்று கேட்டாள், நீங்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்றீர்கள். அவள் கேட்டது நியாயம். கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளும் இந்தக் குழப்பத்துக்கு 1982-லேயே ஆராய்ச்சியாளர்கள் 'சிகிச்சை மயக்கம்' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். 1964-ல் தொடங்கி கடைசியாக 2024-ல் திருத்தப்பட்ட, மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனம், பங்கேற்பவர் ஒருவரைச் சார்ந்திருக்கும் நிலையில் இருந்தால் அவரிடம் ஒப்புதல் வாங்கும் வேலையைச் சம்பந்தமில்லாத வேறொருவர் செய்ய வேண்டும் என்கிறது. நேரம் ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்றால், அவள் உங்களைச் சார்ந்துதான் இருக்கிறாள். சின்ன அதிகாரம்தான், ஆனால் இரவெல்லாம் தூங்காமல் வந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது சின்னதாகத் தெரியாது.

ஆள் பற்றாக்குறையில் வேறொருவரை வைக்க முடியாது என்பீர்கள். குறைந்தபட்சம் இரண்டு வேலையையும் ஒரே மேஜையில், ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் நேரத்தை ஒதுக்கி, உறுதிசெய்த சீட்டைக் கையில் கொடுத்து முடித்துவிடுங்கள். ஆய்வு பற்றிய தாளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், விருப்பம் இருந்தால் அவரே வரட்டும். சேர்க்கை குறையும். குறையட்டும், இப்போது இருக்கும் வேகத்தில் ஒரு பகுதி பயத்தால் வந்த வேகம். பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்களையும் சேர்க்கச் சொல்கிறார் என்றீர்களே, அதற்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக.

ஆய்வில் சேராதவர்களின் வருகைப் பதிவையும் கட்டுரைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு: பயிற்சியை மேம்படுத்த மையத்துக்குள் பார்ப்பது வேறு, கட்டுரையில் போடுவது வேறு. இரண்டாவதற்கு முதலில் குழுவைக் கேளுங்கள்.

பெயர் ஏன் வரவில்லை

எல்லா டேட்டாவையும் நான்தான் சேகரித்தேன், அதனால் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் வருவது உரிமை என்கிறீர்கள். பாதி சரி. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களுடைய சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ, தகவல் சேகரிப்பிலோ, அலசலிலோ கணிசமான பங்கு; கட்டுரையை எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு; இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்; கட்டுரைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். சேகரிப்பு மட்டும் என்றால் நன்றி வரிதான். ஆனால் அதே குழு இன்னொன்றும் சொல்கிறது, முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும், வரைவையே காட்டாமல் வைத்து 'நீங்கள் எழுதவில்லையே' என்று கழட்டிவிடக் கூடாது. உங்களுக்கு நடந்தது இது போலத் தெரிகிறது.

வெளிவந்த கட்டுரையை விட்டுவிடுங்கள், அதில் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த ஆய்வின் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை. ஆட்களைச் சேர்த்த விதம், எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், ஏன் என்ற பகுதியை நான் எழுதித் தருகிறேன் என்று இப்போதே கேளுங்கள். அந்தப் பகுதியை உங்களைவிட நன்றாக எழுத அங்கே வேறு ஆள் கிடையாது. நான்காவது நிபந்தனையையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள்: உங்கள் பெயர் வந்தால் அந்த 14 படிவங்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

வேலையை விடுவது

விடலாம், தப்பில்லை. ஆனால் இந்த மாதம் வேண்டாம். ஆடிட்டுக்கு முன் நீங்கள் போய்விட்டால் அடுத்து வருபவருக்குத் தேதி ஏன் இல்லை என்று தெரியாது, 'முன்னாடி இருந்தவங்க விட்டுட்டாங்க' என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் உங்கள் தலையில் இறங்கும். விலகல் அறிக்கை போய்ச் சேரட்டும், குழுவின் பதில் எழுத்தில் வரட்டும்.

நர்ஸும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை என்று எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. 62 பேரின் முகமும் தெரிந்தவர் அந்த ஆய்வில் நீங்கள் ஒருவர்தான். பேராசிரியருக்கு எண்கள் தெரியும், ஆலோசகருக்குத் தன்னிடம் வந்தவர்களைத் தெரியும். மூன்றாவது வாரம் பயிற்சிக்கு வராமல் நின்றுபோனவர் யார் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு உலகம் முழுக்கத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் இருக்கின்றன, நல்ல ஆய்வு நடைமுறைப் படிப்பை இணையத்திலேயே முடிக்கலாம், இன்னும் முடிக்கவில்லை என்றால் மையத்தின் செலவில் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறு இடம் போனாலும் கூடவே வரும்.

உங்கள் சம்பளம் ஆய்வு நிதியிலிருந்து பாதி, மையத்திலிருந்து பாதி என்றீர்கள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள், மேலாளரிடம் இன்னொரு ஆள் கேட்க அந்தக் கணக்கு உதவும். ஆனால் அது அடுத்த வாரத்து வேலை. இன்றைக்கு முதலில் டிராயரைத் திறங்கள்.